இன்றைக்கு என் மேல் என்ன சந்தேகம்?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, நான் எப்போது பேச்சை முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் மூத்த வழக்கறிஞர், நீதிமன்ற வராந்தாவில் எல்லோரும் ‘சிரிப்பு வக்கீல்’ என்று அழைக்கும் பெரியவர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த வக்கீல் அம்மையாரின் தங்கை அவர்களே! அம்மையாரின் ஜூனியர் வக்கீல் அவர்களே! வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கும் குமாஸ்தா அவர்களே! நடைவழிக்கு இடப்பக்கம் அமர்ந்திருக்கும் கட்சிக்காரர்களே! வலப்பக்கம் அமர்ந்திருக்கும் எதிர்த்தரப்பினரே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடும், கொஞ்சம் சந்தேகத்தோடும் என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடைவழி என்று நான் சொன்னதும் சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். யாரும் உங்களை இப்படி உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் அம்மையார் யாருக்காக வாதாடினாரோ அவர்கள் எல்லாம் இந்தப் பக்கமும், யாரை எதிர்த்து வாதாடினாரோ அவர்கள் எல்லாம் அந்தப் பக்கமுமாகத் தாமாகவே உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு வக்கீலின் இரங்கல் கூட்டத்துக்குக் கட்சிக்காரர்கள் வருவது இயல்பு. எதிர்த்தரப்பினர் இத்தனை பேர் வருவது இயல்பா? நான் பார்த்த வரையில் இல்லை. வலப்பக்கம்தான் கூட்டம் அதிகம் என்பதையும் குறித்துக்கொண்டேன். இதை நான் சும்மா விடப்போவதில்லை.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் வக்கீல் அல்ல. காப்பீட்டுக் கம்பெனியில் தீ விபத்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கிடங்கு எரிந்துவிட்டது என்று இழப்பீடு கேட்டு வந்தால், சாம்பலுக்குள் இறங்கி, தானாகப் பற்றியதா, பற்றவைத்ததா என்று பார்ப்பது என் தொழில். அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘பூதக்கண்ணாடி’ என்று கேட்டால் வாட்ச்மேன்கூட வழி காட்டுவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, எரிவாயு உருளை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருவேன். அப்படிப்பட்டவனை இந்த மேடையில் பேச அழைத்தது யார்? அதுதான் என் முதல் சந்தேகம்.

முந்தாநாள் குமாஸ்தா போன் செய்து நான் பேச வேண்டும் என்றார். சங்கத்தில் பேச ஆளா இல்லை என்று கேட்டேன். “அம்மா முன்னாடியே சொல்லி வெச்சிட்டாங்க சார். நீங்கதான் பேசணுமாம்” என்றார். ஏன் என்று கேட்டேன். “அதை அவரே கண்டுபிடிப்பாருன்னு சொன்னாங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஆக, இறந்த பிறகும் அம்மையார் எனக்கு ஒரு விசாரணையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என்ன பெண்மணி அவர்! எப்பேர்ப்பட்ட வக்கீல்!

அவையோரே! விவாகரத்து வக்கீலிடம் போகிறவன் எந்த மனநிலையில் போகிறான் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பக்கத்திலேயே படுத்திருந்தவள் அந்நியமாகிவிட்டாள். இனி முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், வீட்டுக்குள் நடந்ததை எல்லாம் கொட்டி, ‘என்னைக் காப்பாற்றுங்கள்’ என்று கையைக் கட்டி நிற்க வேண்டும். நம்புவது எப்படி? என் விஷயத்தில் பணமோ வீடோ பிரச்சினை இல்லை. எங்களுக்கு ஒரே பெண், அப்போது நாலாம் வகுப்பு; எங்கள் இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வந்துகொண்டிருந்தாள். என் மனைவிக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது; இன்னும் போய்ச் சேரவில்லை. ரயிலில் ஒரு முழுப் பகல் தூரம். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று அவள் மனுப் போட்டாள். விடமாட்டேன் என்று நான் நின்றேன். வழக்கு அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த அவ்வளவுதான் எல்லாமே.

அம்மையாரின் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. படி மிகவும் குறுகல். ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் இன்னொருவர் இறங்க முடியும். பிரிந்துபோன கணவனும் மனைவியும் அந்தப் படியில் எதிரெதிரே வந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். உள்ளே ஒரு மேசை, தண்ணீர் ஜக்கு, கண் துடைக்கக் காகிதப் பெட்டி, கட்சிக்காரருக்கு ஒரு மர நாற்காலி. அம்மையார் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“என் மேல என்ன சந்தேகம்?” என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சந்தேகமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க மேடம். உங்களை முழுசா நம்பித்தான் வந்திருக்கேன்” என்றேன்.

“அப்படியா? அப்ப போயிட்டு, சந்தேகம் வந்ததும் வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

கண்ணாடிக் கடை வாசலில் நின்றேன். கடைக்குள் ஒருவர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த கட்சிக்காரனைத் திருப்பி அனுப்புகிற வக்கீலை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? ஏன் அனுப்ப வேண்டும்? எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு இவரைப் பிடித்துவிட்டதா? இந்த எண்ணம் வந்ததும் திரும்பவும் படியேறினேன். இதையே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். அம்மையார் ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

“இப்பதான் வழிக்கு வந்திருக்கீங்க, உக்காருங்க. வீட்டுல ஏமாந்துட்டு வர்றவங்க உடனே இன்னொருத்தரை நம்ப மாட்டாங்க சார். நம்புறேன்னு சொல்லிட்டு வெளியில போய்ப் பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் என்னைப் பத்தி விசாரிப்பாங்க. அவங்க எல்லாருக்கும் நான் பதில் சொல்லிட்டிருக்க முடியுமா? நீங்க தாராளமா சந்தேகப்படுங்க. ஆனா இந்த நாற்காலியில உக்காந்து சந்தேகப்படுங்க” என்றார்.

அன்று முதல் அதுதான் எங்கள் நடைமுறை. ஒவ்வொரு முறை போகும்போதும் வழக்கைப் பேசுவதற்கு முன்னால் நான் அவர் மேல் உள்ள சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். எனக்கா சந்தேகத்துக்குப் பஞ்சம்? நான் பேசும்போது ஏன் பென்சிலில் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். “அடுத்த தடவை வரும்போது நீங்க இதையே வேற மாதிரி சொல்லுவீங்க, அதான்” என்றார். நீதிபதி உள்ளே வந்ததும் உங்களைப் பார்த்து ஏன் தலையை ஆட்டினார் என்று கேட்டேன். அவருக்குக் கழுத்துப் பிடிப்பு, எல்லோரையும் பார்த்து அப்படித்தான் ஆட்டுகிறார், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். உண்மைதான். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவார். என் தொழிலில் அந்த வார்த்தையைச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் அதோடு விட்டாரா? விடவில்லை! என் சந்தேகம் தீர்ந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இப்ப என் முறை” என்பார். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சிலர் நெளிகிறீர்கள். உங்களுக்கும் நினைவு வந்துவிட்டது, இல்லையா?

ஒரு நாள், “பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உங்ககிட்ட முதல்ல என்ன கேப்பா?” என்றார். சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பாள் என்றேன். அம்மையார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உண்மையைச் சொன்னேன். அம்மா எப்போது வருவாள் என்றுதான் கேட்பாள். “இதை என்கிட்ட மறைச்சிட்டீங்க. எதிர்த்தரப்பு நாளைக்கு நீதிபதி முன்னாடி சொல்லும்போதுதான் நான் தெரிஞ்சுக்கணுமா? எனக்குத் தெரிஞ்ச குறைக்கு நான் பதில் தேடி வெச்சுக்குவேன். தெரியாத குறைக்கு நான் என்ன சார் பண்ணுவேன்?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வக்கீலிடம் நல்ல பிள்ளையாக நடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் ஒவ்வொரு நாளில் அதைக் கற்றிருப்பீர்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தேநீர்க் கடையைப் பார்த்தேன்.

நீதிமன்றத்துக்கு எதிரே, நகல் எடுக்கும் கடைக்குப் பக்கத்தில் இருந்த தேநீர்க் கடை. ஒரு வாய்தா முடிந்து வெளியே வருகிறேன். உள்ளே அம்மையாரும், இதோ மேடையில் அமர்ந்திருக்கும் சிரிப்பு வக்கீல் அவர்களும் ஒரே மேசையில்! அவர் யார்? என் மனைவியின் வக்கீல். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் என்னைப் பொறுப்பில்லாத தகப்பன் என்று நீதிபதியிடம் சொன்னவர். என் வக்கீல் அவருக்கு பிஸ்கட் தட்டை நகர்த்தி வைக்கிறார். அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு சாலையைத் தாண்டி எனக்குக் கேட்கிறது. அவையோரே, உங்களில் எத்தனை பேர் அந்தக் காட்சியைப் பார்த்து வயிறெரிந்து வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்? இரண்டு பக்கமும் தலைகள் அசைகின்றன. நன்றி.

இந்தச் சந்தேகத்தை மட்டும் நான் அந்த நாற்காலிக்குக் கொண்டுபோகவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் அல்லவா? அவருடைய அலுவலகக் கடிகாரம் ஏன் முன்னால் ஓடுகிறது என்பது போன்ற சில்லறைச் சந்தேகங்களைச் சொல்லிவிட்டு, பெரியதை மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, என் தொழிலைக் காட்டத் தொடங்கினேன். அந்தக் கடையில் ஒரு தூண் உண்டு. தூணுக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன். ஒரு நாள் காதில் விழுந்தது. “சனிக்கிழமையை நான் விட்டுக்கொடுத்தா, நீங்க பரீட்சை லீவை விட்டுக்கொடுப்பீங்களா?” இது அம்மையாரின் குரல்! என் பெண்ணோடு நான் இருக்கப்போகும் நாட்களை பிஸ்கட்டோடு சேர்த்துத் தட்டில் வைத்துப் பங்கு போடுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாய்தாவில் நீதிபதி பாப்பாவையே தன் அறைக்குக் கூப்பிட்டு, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கப்போகிறார் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதற்குள் எதையாவது செய்தாக வேண்டும். யாரிடம் போவேன்? இரண்டு வக்கீல்களும் கூட்டு என்றால், ஏமாறுவது நான் மட்டுமா? இன்னொருத்தியும் ஏமாறுகிறாள் அல்லவா? நேரே என் மனைவியின் அலுவலக வாசலில் போய் நின்றேன்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாட்ச்மேன் பக்கத்திலேயே நின்று பேசினாள். நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், மெதுவாகப் பையை இறக்கினாள்.

“என் வக்கீலும் போன வாரம், அந்தம்மா ரொம்ப நல்லவங்கன்னு சொன்னாரு. எதிர்த்தரப்பு வக்கீலை நல்லவங்கன்னு சொல்றவரை நான் எப்படிங்க நம்புறது?” என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு நாள் என்னோடு குடித்தனம் செய்தவள் அல்லவா!

மறுநாள் இருவரும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். இருப்பது ஒரே செய்தித்தாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன், மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எதையும் செய்ததில்லை. வக்கீல்கள் இருவரும் வந்தார்கள். சிரிப்பு வக்கீல் தன் முதுகு வலியைப் பற்றிப் பேசினார். அம்மையார் புதிதாக வாங்கிய செருப்பு கடிக்கிறது என்றார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனோம். எதையாவது பேசித்தானே ஆக வேண்டும்? அவள்தான் ஆரம்பித்தாள்.

“பாப்பா இப்பல்லாம் ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூட என்கிட்ட அனுமதி கேக்குறா” என்றாள்.

“என்கிட்டயும் கேக்குறா. விருந்தாளி மாதிரி” என்றேன்.

“பின்ன? உங்க வீட்டுல குளிக்காமத் தூங்கினான்னு நான் மனுவுல எழுதினேன். என் வீட்டுல ராத்திரி வரைக்கும் டிவி பார்த்தான்னு நீங்க பதில்ல எழுதினீங்க. இங்க சொல்றது அங்க போகுது, அங்க சொல்றது இங்க வருதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ நம்ம ரெண்டு பேரையும் சந்தேகப்படுறா” என்றாள்.

அவையோரே! எத்தனையோ எரிந்த கிடங்குகளுக்குள் இறங்கியிருக்கிறேன். இப்படி ஒரு சேதத்தை எங்கேயும் பார்த்ததில்லை. ஒன்பது வயதுப் பெண். சொல்லும் முன் யோசித்து, தொடும் முன் அனுமதி கேட்டு, அம்மாவையும் அப்பாவையும் எடைபோட்டுக்கொண்டு இரண்டு வீட்டிலும் நடமாடுகிறாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ‘யாரோடு இருக்கிறாய், சொல்’ என்று கேட்கப்போகிறார்கள். அவள் என்ன சொன்னாலும் மற்றவருக்கு அது போய்ச் சேரும் என்று தெரிந்தேதான் சொல்ல வேண்டும். அதை என்னால் தாங்க முடியாது. என் மனைவியாலும் தாங்க முடியாது என்பதைச் செய்தித்தாளின் மறுமுனை கசங்கியதில் தெரிந்துகொண்டேன். வக்கீல்கள் எழுந்து போனதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

எழுந்து நேரே அந்தக் குறுகலான படியில் ஏறினோம். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். அவள் முன்னால், நான் பின்னால். எங்களைச் சேர்த்துப் பார்த்தும் அம்மையார் ஆச்சரியப்படவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் என் மனைவி வாயைத் திறந்ததும் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். “உங்க வக்கீல் இல்லாம உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசக் கூடாதும்மா. வெளியில கொஞ்சம் உக்காருங்க, அவரை வரச் சொல்றேன்” என்றார். சிரிப்பு வக்கீல் அவர்கள் மூச்சு வாங்க வாங்கப் படியேறி வரும் வரை என் மனைவி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கூட்டுச் சதி செய்கிறார் என்று நான் நினைத்திருந்த பெண்மணி, எதிர்த்தரப்பின் உரிமையை எங்களைவிடக் கவனமாகக் காத்தார்!

எல்லோரும் கூடியதும் அம்மையார் வழக்கம்போலவே கேட்டார். “சார், இன்னைக்கு என் மேல என்ன சந்தேகம்?”

தேநீர், பிஸ்கட், சனிக்கிழமை, எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மையார் மறுக்கவில்லை. “அவங்க எவ்வளவு தூரம் இறங்கி வருவாங்கன்னு கேட்டுப் பார்த்தேன். கேக்குறது என் வேலை. ஒத்துக்கிறது உங்க வேலை. உங்களைக் கேக்காம ஒரு நாளையும் நான் கொடுத்திருக்க மாட்டேன். சந்தேகம் வந்த அன்னைக்கே நீங்க இங்க வந்து கேட்டிருந்தா இதைத்தான் சொல்லியிருப்பேன்” என்றார். அப்புறம், நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்டார்.

தூணுக்குப் பின்னால் நாங்களே பேசி முடித்ததைச் சொன்னோம். பாப்பா அம்மாவோடு போகட்டும். நீண்ட விடுமுறை எல்லாம் என்னோடு. இடையில் நான் ரயிலேறிப் போய்ப் பார்ப்பேன். குழந்தையை யாரும் எதற்கும் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. கடைசியாக, அந்த வீட்டில் என்ன நடந்தது என்று இந்த வீட்டில் அவளிடம் யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னவன் நான். நான் எதற்காக வழக்கில் நின்றேனோ அதையே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மையார் என்னையே பார்த்தார். “இப்ப என் முறை. வாழ்நாள் முழுக்க விசாரிச்சே பழக்கப்பட்டவர் நீங்க. அந்தக் கடைசி நிபந்தனையை உங்களால காப்பாத்த முடியுமா? எனக்குச் சந்தேகம்தான்” என்றார். முடியாது என்றுதான் எனக்கும் தோன்றியது. அதையே சொன்னேன். அதற்கு அவர் சொன்ன வழியை, இங்கே அமர்ந்திருக்கும் தகப்பன்மார்களும் தாய்மார்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். “அவ அம்மாவைப் பத்திக் கேக்கணும்னு தோணும்போதெல்லாம், உங்களைப் பத்திக் கேளுங்க. நான் உங்ககிட்டக் கேப்பேனே, அதே கேள்வி.”

முதல் விடுமுறைக்குப் பாப்பா தெரிந்தவர் ஒருவர் துணையோடு ரயிலில் வந்து இறங்கினாள். நடைமேடையிலேயே எனக்கு வாய் துறுதுறுத்தது. அம்மா எப்படி இருக்கிறாள், வீட்டுக்கு யார் வருகிறார்கள், என்னைப் பற்றி என்ன சொல்கிறாள்? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, “பாப்பா, இன்னைக்கு அப்பா மேல என்ன சந்தேகம்?” என்று கேட்டேன். அவள் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள்.

“நான் ஊருக்குப் போயிட்டேன்ல. என் கட்டிலை யாருக்காவது கொடுத்துட்டீங்களாப்பா?” என்றாள்.

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலைக் காட்டினேன். அதில் ஏறிப் படுத்தவள், பிறகு எழுந்துபோய் யாரையும் கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நான் திரும்பி நின்று அழுதேன். அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். வலப்பக்கம் மூன்றாவது வரிசையில் தன் அம்மாவோடு உட்கார்ந்து, அப்பா இன்னும் எதை எல்லாம் மேடையில் உளறப்போகிறார் என்ற சந்தேகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அவையோரே, பூதக்கண்ணாடிக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. வழக்கு முடிந்த பிறகு ஒரு நாள் அந்தத் தேநீர்க் கடைக்குத் தனியாகப் போனேன். தூணுக்குப் பின்னால் உட்காரவில்லை. அம்மையார் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கல்லாவுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறது. அந்தக் கண்ணாடியில் தூணுக்குப் பின்னால் இருக்கும் மேசை முழுசாகத் தெரிகிறது! செய்தித்தாளைப் பிடித்திருந்த என் விரல் உட்பட அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படியென்றால்? நான் வந்ததும் தெரியும். இருவராக வந்ததும் தெரியும். சனிக்கிழமைப் பேச்சு அவ்வளவு சத்தமாக என் காதில் விழுந்ததும், நாங்கள் இருவராக வந்த அன்றைக்கு மட்டும் செருப்புக் கடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததும் தற்செயலா? பற்றியதா, பற்றவைத்ததா?

இதை அவரிடமே கேட்டுவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்தேன். கடைசியில் மருத்துவமனைக்கே போனேன். ஜன்னலோரக் கட்டில். மெலிந்துபோயிருந்தார். தலையணையில் சாய்ந்தபடி, “வாங்க சார். இன்னைக்கு என் மேல என்ன சந்தேகம்?” என்றார்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. “சீக்கிரமே வீட்டுக்கு வந்துடுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்களாம். அதுலதான் எனக்குச் சந்தேகம்” என்றேன்.

அவருடைய தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மையார் மட்டும் என்னை நேராகப் பார்த்தார். “சரியான சந்தேகம்” என்றார். வந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள் என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “இப்ப என் முறை” என்றார். “நான் போனதுக்கப்புறம் நீங்க யார்கிட்டப் போய் உக்காந்து சந்தேகப்படுவீங்க?”

அதற்கான பதிலை நான் தேடி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். என்னைப் புகழ்ந்தவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. என் சந்தேகத்துக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

மேடையில் அமர்ந்திருக்கும் சிரிப்பு வக்கீல் அவர்களே! அந்தக் கண்ணாடி விஷயம் உங்களுக்குத் தெரியும். இருவரும் பேசிவைத்துத்தான் செய்தீர்களா என்று சொல்ல உங்களால் முடியும். இந்த நேரத்திலும் கைக்குட்டைக்குப் பின்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அம்மையார் மேல் எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே சந்தேகம் அது. அதையும் தீர்த்துவிட்டால் அந்த மர நாற்காலிக்குப் போக எனக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

ஜூனியர் அவர்களே! அந்த அறை இனி உங்களுடையது. ஜக்கில் தண்ணீர் இருக்கட்டும், பென்சில் கூராக இருக்கட்டும். முழுசாக நம்பி வந்திருக்கிறேன் என்று சொல்கிறவரை உள்ளே விடாதீர்கள். கட்சிக்காரர்களே! எதிர்த்தரப்பினரே! அம்மையார் விட்டுச்சென்ற பணியை நாம் தொடர வேண்டும் என்றால், நாம் எல்லோரும் ஒன்று செய்ய வேண்டும். சந்தேகத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். என்னாலேயே முடியாததை உங்களை எப்படிச் செய்யச் சொல்வேன்? யார் மேல் சந்தேகமோ அவர் முன்னால் போய் உட்கார்ந்து சந்தேகப்படுவோம் என்று அம்மையாரின் படத்துக்கு முன்னால் உறுதி எடுத்துக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று. என்னை ஏன் பேச அழைத்தார் என்ற விசாரணையின் முடிவையும் அறிவித்துவிடுகிறேன். உள்ளே வரும்போதே கவனித்தேன். மண்டபத்தின் பின்பக்கம் தேநீர் வைத்திருக்கிறார்கள். இத்தனை பேருக்கு ஒரே ஒரு மேசை. இரண்டு பக்கத்திலும் இடம் இருக்கும்போது ஏன் ஒன்று என்று குமாஸ்தாவிடம் விசாரித்தேன். “அம்மா அப்படித்தான் சொன்னாங்க சார்” என்றார். யாரிடம் போய்ச் சந்தேகப்படுவீர்கள் என்று கேட்டவர், போக வேண்டிய இடத்தையும் போட்டு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இந்த ஒரே மேசையைக் கவனித்து இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிடுவான் என்றுதான் என்னைப் பேச அழைத்திருக்கிறார். மௌன அஞ்சலி முடிந்ததும் வலப்பக்கம் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து அந்த மேசைக்கு வருவாள். நானும் போவேன். இந்த முறை அம்மையாரின் கேள்வியை நான்தான் முதலில் கேட்கப்போகிறேன்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.